பயந்த கதையை எழுதுவது எப்படி: ஒரு புயல் இரவை முன்வைத்து

கஜா புயல் இரவை நான் முதலில் எழுதியபோது அது ஒன்றரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. ‘பயம்’ என்ற சொல் அதில் பதினொரு இடத்தில் இருந்தது. படித்த நண்பருக்கு ஓர் இடத்தில்கூடப் பயம் வரவில்லை. “நல்லா இருக்கு, புயல் நிவாரணம் வந்ததா?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகு இரண்டு முறை திருத்தி எழுதினேன். அப்போது கற்றுக்கொண்டதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். உதாரணம் எல்லாம் அந்த ஒரே இரவிலிருந்துதான். உங்களுடையது நாய் துரத்திய கதையாக இருக்கலாம், லிஃப்டில் மாட்டிக்கொண்ட கதையாக இருக்கலாம். வழி ஒன்றுதான்.

முதலில், எந்தப் பயம்?

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. பேயும் தெய்வமும் முதல் வகை. மிருகமும் திருடனும் விளக்கம் தேவையில்லாதவை. ‘தம் இறை’ என்பது நமக்கு மேலே அதிகாரத்தோடு உட்கார்ந்திருப்பவர். எழுத உட்கார்கிறவர்கள் பெரும்பாலும் முதல் மூன்றில் ஏதாவது நடந்திருக்கிறதா என்று தேடி, இல்லை என்று எழுந்து போய்விடுகிறார்கள். நான்காவதைத் தேடிப் பாருங்கள். கணக்கு வாத்தியார் பெயர் சொல்லி அழைத்த நொடி, மேலாளர் அறைக்கதவைச் சாத்தச் சொன்ன மாலை, வீட்டுக்குத் தெரியாமல் சினிமாவுக்குப் போய்த் திரும்பியபோது அப்பாவின் செருப்பு வாசலில் கிடந்தது. உயிருக்கு ஆபத்து இருக்கவேண்டிய அவசியமே இல்லை.

தேர்ந்தெடுக்க என்னிடம் ஒரே ஓர் அளவுகோல்தான் உண்டு. ‘அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது’ என்று நீங்கள் நின்ற ஒரு நிமிடம் அந்த நிகழ்ச்சியில் இருக்கவேண்டும். அது இருந்தால் கதை இருக்கிறது. பக்கத்துத் தெருவில் நடந்த விபத்தைப் பார்த்துப் பதறியது உங்கள் கதை ஆகாது. அது அவர்களுடைய கதை.

ஒன்றைத் தள்ளி வைக்கச் சொல்வேன். நினைத்தாலே தூக்கம் போகிற அளவுக்குப் புண் இன்னும் ஆறாமல் இருந்தால், இந்தக் கட்டுரைக்காக அதைக் கிளறவேண்டாம். நம்பிக்கையானவரிடம் வாயால் சொல்லுங்கள், அல்லது 14416 என்ற மனநல உதவி எண்ணை அழையுங்கள். எழுத்து காத்திருக்கும்.

கொட்டிவிடுங்கள்

கதையாக எழுத ஆரம்பிக்காதீர்கள். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்து, கடிகாரத்தைப் பார்த்து, 15 நிமிடம் நினைவுக்கு வருவதை வந்த வரிசையில் கொட்டுங்கள். ஒற்றுப்பிழை பார்க்கவேண்டாம். மறுநாளும் அதையே செய்யுங்கள். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்களை இப்படித்தான், நாளுக்கு 15 நிமிடமாக நான்கு நாள், தங்களை உலுக்கிய நிகழ்ச்சிகளைப் பற்றி எழுதவைத்தார். எழுதி முடித்த கையோடு அவர்களுக்கு மனம் கனத்தது. ஆனால் நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த ஆறு மாதத்தில் மருத்துவரிடம் போனது குறைவு. நமக்கு இங்கே மருத்துவப் பலன் நோக்கமில்லை. ஆனாலும் எழுதிய அன்று கொஞ்சம் சோர்வாக இருந்தால் அது வழக்கம்தான் என்று தெரிந்துகொள்வது நல்லது.

முதல் நாள் வருவது எல்லோருக்கும் தெரிந்தது. என் நோட்டில் ‘காற்று, சத்தம், இருட்டு, அம்மா அழுதது’ என்று இருந்தது. இரண்டாம் நாள்தான் சரக்கு வந்தது: சீமை ஓடு ஒவ்வொன்றாகப் பெயரும்போது கேட்ட ‘டக்’ சத்தம், நனைந்த வைக்கோல் வாடை, பீரோவின் மேல் இருந்த சூட்கேஸ் தானாக நகர்ந்தது, கூரை பறந்துவிடாமல் சித்தப்பா கைமரத்தில் தேங்காய்நார்க் கயிற்றைக் கட்டி அதைப் பிடித்துத் தொங்கியது. மூன்றாம் நாள் தினசரி நாள்காட்டி ஞாபகம் வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நினைவை நம்பாதீர்கள், சரிபாருங்கள்

என் இரண்டாவது வரைவு ‘அமாவாசை இருட்டு’ என்று தொடங்கியது. அழகாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அம்மா படித்துவிட்டு, “சூரசம்ஹாரம் முடிந்த மூன்றாம் நாள் அமாவாசை எப்படி வரும்?” என்று கேட்டார். 2018இல் சூரசம்ஹாரம் நவம்பர் 13. புயல் 15ஆம் தேதி, வியாழக்கிழமை இரவு. அது வளர்பிறை அஷ்டமியை ஒட்டிய நாள். மேகத்தில் நிலா தெரிந்திருக்காது என்பது வேறு. ஆனால் அமாவாசை என்று எழுதினால் பொய். தீபாவளி கழிந்து பத்து நாள்கூட ஆகாத ஐப்பசி கடைசியில், ஊரில் ஒருவருக்கும் இது தெரியாமல் போகாது.

பயம் நினைவை அச்சடித்துவிடும் என்பது பாதி உண்மை. நடுவில் இருந்ததை அழுத்தமாகப் பதிக்கும், ஓரத்தில் இருந்ததைத் தன் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொள்ளும். ஆகவே சரிபார்க்கக்கூடியதையெல்லாம் சரிபாருங்கள். பழைய கைப்பேசியில் அன்று வந்த செய்திகள், படங்களில் பதிந்திருக்கும் நேரம், நூலகத்தில் அன்றைய நாளிதழ், பஞ்சாங்கம், மருத்துவச் சீட்டு, கூட இருந்தவர்கள். நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையைக் கடந்தது 16ஆம் தேதி அதிகாலை 12:30க்கும் 2:30க்கும் இடையில். அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் என் இரவுக்கு ஒரு முதுகெலும்பு கிடைத்தது. எங்கள் வீட்டில் காற்று நின்றது எப்போது, திரும்ப வந்தது எப்போது என்று அடுக்க முடிந்தது.

கூட இருந்தவர்கள் சொல்வது உங்கள் நினைவோடு முட்டினால் பதறவேண்டாம். நடுவில் காற்று நின்ற நேரம் ஒரு மணி இருக்கும் என்றேன் நான். அம்மா பத்து நிமிடம் என்றார். சித்தப்பா, “ஒரு பீடி பிடித்தேன், அவ்வளவுதான்” என்றார். மூன்றையும் கதையில் வைத்துவிட்டேன்.

ஒரு நிமிடத்தைத் தேடுங்கள்

இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியற்காலை வரை நடந்ததை முழுக்கச் சொல்ல முயன்றதுதான் என் முதல் வரைவின் கோளாறு. ஏழு மணி நேரத்தை ஒன்றரைப் பக்கத்தில் அடைத்தால் ஒவ்வொரு மணிக்கும் ஐந்து வரிதான் கிடைக்கும். தந்தி கொடுத்த மாதிரி இருக்கும்.

நோட்டை எடுத்துக்கொண்டு, எந்த நிமிடத்தைப் பற்றி அதிகம் கொட்டியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். அதுதான் நடு. எனக்கு அது காற்று அடித்த நேரம் இல்லை, நின்ற நேரம். கடலில் இருந்து மேற்கே நகர்ந்து வரும் புயல் நேராக ஊரின் மேல் ஏறினால் முதலில் காற்று வடக்கேயிருந்து அடிக்கும். புயலின் கண் மேலே வரும்போது அடங்கும். கண் கடந்ததும் தெற்கேயிருந்து அடிக்கும். வடக்குக் காற்றுக்கு வளைந்து வேர் தளர்ந்த தென்னை, தெற்குக் காற்றில் விழும். இந்த விவரம் எனக்கு அன்று தெரியாது. அப்பாயிக்கு, அதாவது அப்பாவின் அம்மாவுக்கு, தெரிந்திருந்தது. என் கதையே அந்த வித்தியாசம்தான்.

அந்த நிமிடத்துக்குக் கதையில் பாதி இடம் கொடுங்கள். மிச்சத்தை ஓரிரு வரியில் தாண்டுங்கள். பயத்தில் நேரம் மெதுவாகப் போனது என்று எல்லோரும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. டேவிட் ஈகிள்மன் என்ற நரம்பியலாளரும் அவருடைய குழுவும் 2007இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 31 மீட்டர் உயரத்திலிருந்து ஆட்களை வலையில் விழவைத்தார்கள். விழும்போது அவர்கள் கண்ணுக்கு உலகம் மெதுவாக நகரவில்லை. ஆனால் பிறகு கேட்டபோது, மற்றவர்கள் விழுந்ததைவிடத் தாங்கள் விழுந்த நேரம் சராசரியாக 36 சதவீதம் அதிகம் என்றார்கள். அதாவது நேரம் நீளவில்லை, நினைவு தடித்திருக்கிறது. எழுத்திலும் அதைத்தான் செய்கிறோம். ‘நேரம் நின்றுவிட்டது போலிருந்தது’ என்று எழுதாமல், அந்த நிமிடத்தில் இருந்த பொருள்களைத் தடிமனாக அடுக்குகிறோம்.

கதையை அந்த நிமிடத்துக்குப் பக்கத்தில் தொடங்குங்கள். காலையில் பல் துலக்கியது, வானிலை அறிக்கை கேட்டது, கடையில் மெழுகுவர்த்தி வாங்கியது எல்லாம் என் முதல் வரைவில் இருந்தன. மெழுகுவர்த்தியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டினேன். அதையும் பிறகு வெட்டினேன். வீட்டில் எரிந்தது அரிக்கேன் விளக்கு.

உடம்பு பேசட்டும்

நிதானமாகச் செய்யவேண்டிய படி இது. உள்ளே இருப்பது உடம்பில் வெளிப்படுவதற்குத்தான் நம் மரபு ‘மெய்ப்பாடு’ என்று பெயர் வைத்தது. பயத்தைச் சொல்லத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை: அச்சம், கிலி, திகில், பீதி, மருட்சி, குலைநடுக்கம். ஆபத்தே அதுதான். சொல் கைவசம் இருப்பதால் காட்சியைத் தேடமாட்டோம்.

என் முதல் வரைவில் காற்று நின்ற இடம் இப்படி இருந்தது:

“திடீரென்று காற்று நின்றது. அந்த அமைதி என்னை மேலும் பயமுறுத்தியது. இதயம் படபடவென அடித்துக்கொண்டது. வயிற்றில் புளியைக் கரைத்தது. அப்படியொரு பயத்தை என் வாழ்நாளில் அனுபவித்ததில்லை. அடுத்து என்ன நடக்குமோ என்று உறைந்துபோனேன்.”

மூன்றாவது வரைவில்:

“காற்று நின்றது. ஓடு தட்டும் சத்தம் நின்றது. அரிக்கேன் சுடர் நேராக எரிந்தது. முற்றத்தில் தண்ணீர் சொட்டுவது கேட்டது. சித்தப்பா கதவிலிருந்து முதுகை எடுத்தார். பலகையோடு ஒட்டியிருந்த சட்டை பிய்ந்துகொண்டு வந்தது. ‘முடிந்துவிட்டதா?’ என்றேன். யாரும் பதில் சொல்லவில்லை. அப்பாயி மட்டும் எழுந்துபோய், தெற்குப் பக்கத்து ஜன்னலின் கொக்கியை இழுத்துப் பார்த்தாள்.”

இரண்டாவதில் என் இதயம் இல்லை, வயிறு இல்லை, பயம் என்ற சொல் இல்லை. அப்பாயி ஏன் தெற்கு ஜன்னலைப் பார்க்கிறாள் என்று படிக்கிறவர் யோசிக்கும் அந்த ஒரு நொடி போதும்.

அதற்காகப் பழைய வழக்குகளையெல்லாம் விலக்கிவைக்கவேண்டும் என்பதில்லை. ‘வயிற்றில் புளியைக் கரைத்தது’ என்பது யாரோ ஒருவர் தன் உடம்பைக் கூர்ந்து கவனித்துச் சொன்னதுதான். அட்ரினலின் சுரந்ததும் குடலுக்குப் போகும் ரத்தம் குறைந்து கைகால் தசைகளுக்குத் திரும்புகிறது. வயிறு கலங்குவது வெறும் உவமை இல்லை. வாய் வறள்வது, உள்ளங்கை வியர்ப்பது, மயிர் சிலிர்ப்பது, கண்மணி விரிவது எல்லாம் அதோடு வருகிறவை. ஒரு கதைக்கு ஒரு வழக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதையும் பேச்சில் யாராவது சொன்னால் இன்னும் நல்லது. மற்ற இடங்களில் உங்கள் உடம்புக்கே உரிய ஒன்றைத் தேடுங்கள். எனக்குப் பயம் வந்தால் கொட்டாவி வரும். பல வருடம் அதைச் சொல்ல வெட்கப்பட்டேன். கதையில் படித்தவர்கள் நினைவில் வைத்திருப்பது அந்தக் கொட்டாவியைத்தான்.

வாக்கியத்தின் மூச்சு

தமிழில் வினைமுற்று கடைசியில் வருவது பயக்கதைக்கு வரப்பிரசாதம். ‘செய்து, ஓடி, தள்ளி’ என்று வினையெச்சங்களை அடுக்கிக்கொண்டே போனால் வாசகர் மூச்சுவிட இடம் கிடைக்காது. முற்று வரும்வரை அவரும் தொங்கிக்கொண்டிருப்பார்.

“சித்தப்பா கயிற்றை எறிய, நான் பிடிக்கத் தவறி, தவறியதைக் குனிந்து தேடுவதற்குள் விளக்கு அணைந்து, இருட்டில் யாருடைய கையையோ மிதித்து, மிதிபட்டவர் கத்தாததால் இன்னும் பதறி, கயிற்றின் நுனியைக் கண்டுபிடித்து நீட்டினேன். கதவு போயிருந்தது.”

நீண்ட வாக்கியத்துக்குப் பின்னால் இரண்டே சொல். இப்படி ஒன்றை ஒரு கதையில் ஒரு முறை செய்யலாம். இரண்டாவது முறை செய்தால் வித்தை தெரிந்துவிடும். அதைவிட மோசம் ஆச்சரியக்குறிகளை வரிசையாக நிறுத்துவதும், வாக்கியத்துக்கு வாக்கியம் மூன்று புள்ளி வைப்பதும். ‘திடீரென்று’ என்ற சொல்லையும் தேடி எடுங்கள். அது வரப்போவதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

நடுவில் நிகழ்காலத்துக்கு மாறலாமா என்று கேட்பார்கள். ‘நிற்கிறேன், கேட்கிறது’ என்று அந்த ஒரு நிமிடத்துக்கு மட்டும் மாறித் திரும்பலாம். எங்கே மாறுகிறீர்கள் என்பதில் ஒழுங்கு வேண்டும், அவ்வளவுதான்.

சிரிப்பும் வெட்கமும்

பயந்த மனிதர் செய்யும் காரியங்களில் பாதி அபத்தம். அதை மறைத்தால் கதை பொய்யாகிவிடும். ஓடு பறந்துகொண்டிருந்தபோது நான் செய்தது இது: சுவரிலிருந்து விழுந்த தினசரி நாள்காட்டியை எடுத்து ஆணியில் மாட்டினேன். விழுந்தது. மறுபடி மாட்டினேன். விழுந்தது. மூன்றாம் முறை மாட்டும்போது அம்மா, “அதைக் கீழே போட்டுவிட்டு இங்கே வா” என்று கத்தினார். அதில் இன்னும் ஒன்றரை மாதம் மிச்சம் இருந்தது, தாள் கசங்கக்கூடாது என்று தோன்றியது.

வெட்கத்தை எழுதுவது இதைவிடக் கடினம். வீட்டில் பத்திரமான இடம் நெல் கொட்டிவைக்கும் பத்தாயத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் நுழையும் சந்து. அதில் நான் போய் உட்கார்ந்துகொண்டேன். அப்பாயி ஜன்னலோரம் இருந்தாள். இரண்டு வரைவுகளில் இதை விட்டுவிட்டேன். மூன்றாவதில் ஒரே வரியில், மன்னிப்பும் விளக்கமும் இல்லாமல் எழுதினேன். உங்கள் கதையில் அப்படி ஒரு சந்து நிச்சயம் இருக்கும். எழுத மனம் வராத இடம் எதுவோ அதுதான் பெரும்பாலும் கதைக்கு வேண்டியது. ஆனால் அதைப் பெரிதாக்கி மார்பில் அடித்துக்கொள்ளவும் கூடாது. அதுவும் ஒருவகைத் தற்பெருமை.

கூட இருந்தவர்கள்

அப்பாயியை முதலில் ‘பார்த்தார், சொன்னார்’ என்று மரியாதையாக எழுதினேன். யார் வீட்டுக் கிழவியோ ஆகிவிட்டாள். ‘பார்த்தாள்’ என்று மாற்றியதும் வீட்டுக்குள் வந்தாள். சித்தப்பாவுக்கு ‘ஆர்’ விகுதியை எடுத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. நீங்கள் வீட்டில் எப்படி அழைக்கிறீர்களோ அதுவே விகுதியைத் தீர்மானிக்கட்டும்.

உரையாடல் குறைவாக இருக்கட்டும். ஆபத்தில் யாரும் நீளமாகப் பேசுவதில்லை. ‘கயிறு’, ‘விளக்கு’, ‘இங்கே வா’. நீங்கள் எழுதிய வசனம் இரண்டு வரியைத் தாண்டினால் பிறகு யோசித்துச் சேர்த்தது என்று அர்த்தம். வேறொருவர் அழுததையோ பயந்ததையோ எழுதினால் வெளியே காட்டும் முன் அவரிடம் காட்டுங்கள். அயலார் என்றால் பெயரும் ஊரும் மாற்றிவிடுவது நல்லது.

எங்கே நிறுத்துவது

‘அன்றிலிருந்து இயற்கையை மதிக்கக் கற்றுக்கொண்டேன்’ என்று என் முதல் வரைவு முடிந்தது. பள்ளிக்கூடக் கட்டுரைப் பழக்கம். உண்மையில் அன்று நான் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. பசித்தது.

முடிவைக் கண்டுபிடிக்க ஒரு வழி: பயம் போனபின் முதலில் கண்ணில் பட்டது எது என்று நினைத்துப் பாருங்கள். விடிந்ததும் நான் வாசலில் வந்து நின்றபோது அடுத்த ஊர்க் கோபுரம் தெரிந்தது. பிறந்ததிலிருந்து அந்த வாசலில் நின்றிருக்கிறேன், ஒருநாளும் தெரிந்ததில்லை. நடுவில் இருந்த தென்னந்தோப்பு படுத்துக்கிடந்தது. கோபுரம் தெரிந்தது என்று எழுதி அங்கேயே நிறுத்தினேன். எத்தனை மரம், எத்தனை ரூபாய் நட்டம், மின்சாரம் எத்தனை நாள் கழித்து வந்தது என்பதெல்லாம் வேறு கட்டுரைக்கு.

கடைசியாகக் கை வைக்கவேண்டிய இடங்கள்

முடித்ததும் மூன்று நாள் திறக்காதீர்கள். பிறகு வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்கும் வாக்கியத்தை உடையுங்கள். முதல் பத்தியை மூடிவைத்துவிட்டு இரண்டாவதிலிருந்து படித்துப் பாருங்கள். பத்துக்கு எட்டு முறை கதை அங்கேதான் தொடங்குகிறது. ‘பயம்’ எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். என் கடைசி வரைவில் ஒரு முறை வருகிறது, அதுவும் சித்தப்பா வாயில். நீளம் 800 முதல் 1,200 சொல்லுக்குள் இருந்தால் ஒரே மூச்சில் படித்துவிடலாம்.

அதன் பிறகு அன்று உங்களோடு இருந்த ஒருவருக்குப் படித்துக் காட்டுங்கள். நான் அம்மாவுக்குப் படித்தேன். பத்தாயச் சந்து வந்தபோது குரல் கொஞ்சம் இறங்கியது. அம்மா குறுக்கே பேசவில்லை. முடித்த பிறகு, “அந்த இடத்தில் உன்னைப் பிடித்துத் தள்ளியதே அப்பாயிதான், உனக்கு நினைவில்லையா?” என்றார்.

நான்காவது வரைவு எழுதிக்கொண்டிருக்கிறேன்.